யோசேப்பு சொல்லாத சொல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எபிரேய மறைநூலில் வேர்கொண்ட சமயங்களில் மன்னிப்புக்கு என்ன இடம் என்று பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். பெரிய பொருள் இது. அதில் ஒரே ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, முடிந்தவரை தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். மனக்கசப்பை விடுவது ஒரு செயல். தீங்கு செய்தவரை மன்னிப்பது வேறொரு செயல். முதலாவதை, அநீதிக்கு ஆளானவர் தமக்குள்ளேயே செய்துகொள்கிறார். அதற்காக யாரும் வந்து அவர் காலில் விழவேண்டியதில்லை. இரண்டாவது, தீங்கு செய்தவர் தேடி வந்து, கேட்டு, ஈடு கொடுத்துப் பெறவேண்டியது. யூத மரபு இவ்விரண்டையும் கவனமாகப் பிரித்து வைத்திருக்கிறது. நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். அதற்கான விலையை அடிபட்டவர்களே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

யோசேப்பிலிருந்து தொடங்குகிறேன். ஆதியாகமத்தின் 37ஆம் அதிகாரம் முதல் கடைசி வரைக்கும் பெரும்பகுதி அவன் கதைதான். 17 வயதில் அண்ணன்மார் அவனைக் குழியில் போட்டார்கள். 20 வெள்ளிக்காசுக்கு அவன் விலைபோனான். கொல்ல வேண்டாம், விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் யூதா. 30 வயதில் யோசேப்பு பார்வோனின் முன் நின்றான். எகிப்தின் களஞ்சியங்களெல்லாம் அவன் கைக்கு வந்தன. மூத்த மகன் பிறந்தபோது, தன் துன்பம் முழுவதையும் தகப்பன் வீட்டையும் கடவுள் மறக்கச்செய்தார் என்று சொல்லிக்கொண்டான். அவன் எதையும் மறக்கவில்லை என்பது, பஞ்சகாலத்தில் அண்ணன்மார் தானியம் வாங்க வந்து அவன்முன் முகங்குப்புற விழுந்த அன்றே தெரிந்துவிட்டது. அவர்களை ஒற்றர் என்றான். சிமியோனைப் பிடித்து வைத்துக்கொண்டான். கடைசித் தம்பி பென்யமீனை அழைத்து வரச்சொன்னான். பிறகு அந்தத் தம்பியின் சாக்கில் தன் வெள்ளிக் கிண்ணத்தை வைக்கச்செய்து, திருட்டுப் பழியையும் சுமத்தினான்.

இவற்றையெல்லாம் பழிவாங்கல் என்று வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழிவாங்க நினைக்கிறவன் உள்ளறைக்குப் போய் அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வரமாட்டான். யோசேப்பு அறிய விரும்பியது ஒன்றுதான். தன் தாய் ராகேலின் இன்னொரு மகனை, தகப்பனின் இன்னொரு செல்லப்பிள்ளையை, அடிமையாக விட்டுவிட்டுத் தாங்கள் தப்பிப் போகலாம் என்ற வாய்ப்பு மறுபடியும் வந்தால், இவர்கள் என்ன செய்வார்கள்?

யூதா முன்னே வருகிறான். வீட்டில் காத்திருக்கும் கிழவரைப் பற்றிப் பேசுகிறான். இந்தப் பிள்ளையில்லாமல் போனால் அவர் செத்துப்போவார் என்கிறான். இவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன், இவனை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறான். தம்பியை விற்கச் சொன்ன அதே யூதாதான் இப்போது ஒரு தம்பிக்காகத் தன்னையே விற்க முன்வருகிறான். அப்போதுதான் யோசேப்பு மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தான் யார் என்று சொல்லுகிறான். விற்கப்பட்டு 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதற்குமேல் நடந்ததுதான் என்னைப் பல காலமாக யோசிக்கவைக்கிறது. தகப்பன் யாக்கோபு எகிப்துக்கு வந்து 17 ஆண்டுகள் வாழ்ந்து இறக்கிறார். அதுவரை அண்ணன்மாரும் அவர்கள் பிள்ளைகளும் யோசேப்பின் ஆதரவில்தான் இருந்தார்கள். ஆனாலும் தகப்பனை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியதும் அவர்களைப் பயம் பிடித்துக்கொள்கிறது. தகப்பன் சாகுமுன் மன்னிக்கச் சொன்னதாக ஆளனுப்புகிறார்கள். யோசேப்பு அழுகிறான். நான் என்ன, கடவுளின் இடத்திலா இருக்கிறேன் என்று கேட்கிறான். நீங்கள் எனக்குச் செய்ய நினைத்தது தீமைதான், அதைக் கடவுள் நன்மைக்காகத் திருப்பினார் என்கிறான். உங்களையும் உங்கள் குழந்தைகளையும் நான் காப்பாற்றுவேன் என்று ஆறுதல் சொல்லுகிறான். மன்னித்தேன் என்ற சொல்லை மட்டும் அவன் சொன்னதாக மறைநூலில் இல்லை. ஸ்பெயினின் சரகோசாவில் வாழ்ந்த இடைக்கால உரையாசிரியர் பாஹ்யா பென் ஆஷேர் இதைக் கவனித்தார். அண்ணன்மார் கேட்ட மன்னிப்பு கிடைக்காமலே இறந்தார்கள் என்றுகூட எழுதினார்.

அவ்வளவு தூரம் நான் போகவில்லை. ஆனால் யோசேப்பிடம் கசப்பு இல்லை என்பது உறுதி. கசப்புள்ளவன், தன்னை விற்றவர்களின் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் சோறு போடமாட்டான். நடந்தது தீமை என்பதையும் அவன் மறைக்கவில்லை. தீமை என்றே பெயர் சொல்லுகிறான். கடவுளுக்கும் அவர்களுக்கும் இடையில் தீரவேண்டிய கணக்கில் அவன் கைவைக்க மறுத்தான் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

இதற்கு நேர் எதிரான ஒருவரும் அதே மறைநூலில் இருக்கிறார். தாவீது தன் மகன் அப்சலோமுக்குப் பயந்து எருசலேமைவிட்டு ஓடும்போது, சீமேயி என்பவன் வழியில் நின்று கல்லெறிந்து சபித்தான். தாவீது மீண்டும் அரசனாகத் திரும்பி வரும்போது அவனே யோர்தான் கரைக்கு ஓடி வந்து, தவறு செய்தேன் என்று விழுந்தான். நீ சாகமாட்டாய் என்று தாவீது ஆணையிட்டுச் சொன்னார். ஊரறிய நடந்த மன்னிப்பு அது. ஆண்டுகள் கழிந்தன. மரணப் படுக்கையில் தாவீது சாலொமோனை அழைத்து, அந்தச் சீமேயியின் நரைத்த தலை இரத்தத்தோடு குழிக்குள் போகும்படி பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுச் செத்தார். அவ்வளவு காலமும் அந்தக் கல் அவர் நெஞ்சிலேயே கிடந்திருக்கிறது. யோசேப்பு மன்னிப்பை அறிவிக்காமலே கசப்பை விட்டவன். தாவீது மன்னிப்பை அறிவித்தும் கசப்பை விடாதவர். இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், நான் சொல்ல வந்தது பாதி புரிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்லுகிறது? லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில், 17, 18 ஆகிய இரண்டே வசனங்களில் ஐந்து கட்டளைகள் வரிசையாக வருகின்றன. சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே. அவன் தவறை அவனிடம் எடுத்துச் சொல். பழிவாங்காதே. வன்மம் வைக்காதே. உன்னைப்போல் அயலானை நேசி. அன்பைப் பற்றிய கடைசிக் கட்டளையை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்கு முன்னே இருக்கும் நான்கையும் கடந்துதான் அங்கே போய்ச் சேரவேண்டும் என்பதைச் சொல்லுகிறவர்கள் குறைவு.

பழிவாங்குவதற்கும் வன்மம் வைப்பதற்கும் என்ன வேறுபாடு என்று, யூத அறிஞர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத் கேட்கிறது. ஒருவன் அயலானிடம் அரிவாளை இரவல் கேட்கிறான். தரமாட்டேன் என்கிறான் அவன். மறுநாள் அந்த அயலானே வந்து கோடாலி கேட்கிறான். நேற்று நீ தரவில்லை, இன்று நான் தரமாட்டேன் என்றால் அது பழிவாங்குதல். இன்னொருவன் கோடாலி கேட்டு மறுக்கப்படுகிறான். மறுநாள் மறுத்தவனே வந்து மேலாடை இரவல் கேட்கிறான். இந்தா எடுத்துக்கொள், நான் உன்னைப் போன்றவன் இல்லை என்று சொல்லிக் கொடுத்தால் அது வன்மம். ஆடையைக் கொடுத்துவிட்டான், உதவி செய்துவிட்டான், வெளியே பார்த்தால் நல்ல மனிதன். ஆனாலும் சட்டம் அவனை விடவில்லை. உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு, பழைய கதையைப் பந்தியில் பேசிவிட்டு வரும் நம் எல்லாருக்கும் அந்த இடம் சுடும்.

அந்தக் கட்டளைகளில் இரண்டாவதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மனத்தில் பகையை வைத்துக்கொண்டு வாய்மூடி இருக்காதே, போய்ச் சொல் என்கிறது அது. கோர்தோபாவில் 1138இல் பிறந்து, பின்னாளில் கெய்ரோவில் மருத்துவராக வாழ்ந்து 1204இல் மறைந்த மைமோனிடிஸ், தம் பெருநூலான மிஷ்னே தோராவில் இதற்கு அப்சலோமையே எடுத்துக்காட்டாகத் தருகிறார். தங்கை தாமாரை மாற்றாந்தாய் மகன் அம்னோன் கெடுத்தபின், அப்சலோம் அவனிடம் நல்லதும் பேசவில்லை, கெட்டதும் பேசவில்லை. இரண்டு ஆண்டு அமைதி. பிறகு ஆட்டு மயிர் கத்தரிக்கும் விழாவுக்கு அம்னோனை வரவழைத்துக் கொன்றான். பேசாமல் இருப்பதையே பொறுமை என்று கொண்டாடும் வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லவேண்டும். எடுத்துச் சொல்லாமலே உள்ளத்தில் விட்டுவிட முடிந்தவர்களும் உண்டு. அதை உயர்ந்த பண்பு என்றே மைமோனிடிஸ் எழுதுகிறார். ஆனால் பகையும் இருக்கக்கூடாது என்பது அதற்கு அவர் வைக்கும் நிபந்தனை.

இனி இரண்டாவது செயலுக்கு வருகிறேன். யூத ஆண்டில் மிகப் புனிதமான நாள் யோம் கிப்பூர். திஷ்ரி மாதத்தின் பத்தாம் நாள். அன்று முழு உண்ணாநோன்பு. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா அந்த நாளைப் பற்றி ஒரு கண்டிப்பான விதியைச் சொல்லுகிறது. மனிதன் கடவுளுக்கு எதிராகச் செய்த குற்றங்களுக்கு அந்த நாள் பரிகாரம் தரும். சக மனிதனுக்கு எதிராகச் செய்த குற்றத்துக்கு, அந்த மனிதனைப் போய்ச் சமாதானப்படுத்தும் வரையில், அந்த நாளால்கூடப் பரிகாரம் கிடைக்காது. கோயிலில் அழுது தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் வசதியை இந்த விதி பறித்துவிடுகிறது.

எப்படிப் போகவேண்டும் என்பதையும் மைமோனிடிஸ் வகுத்திருக்கிறார். பறித்ததைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது. நேரில் போய்க் கேட்கவேண்டும். சொல்லால் புண்படுத்தியிருந்தாலும் கேட்கத்தான் வேண்டும். மறுத்தால் மூன்று நண்பர்களை அழைத்துக்கொண்டு போ. மீண்டும் மறுத்தால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை போ. அதற்கும் இணங்காவிட்டால் விட்டுவிடு. இனிப் பிழை அவரைச் சேரும். புண்பட்டவர் ஆசிரியராக இருந்தால் ஆயிரம் முறையானாலும் போகவேண்டும். புண்பட்டவர் இறந்துபோயிருந்தால்? பத்துப் பேரை அழைத்துக்கொண்டு போய் அவர் கல்லறைக்கு முன் நின்று, இன்னாருக்கு இன்ன தீங்கு செய்தேன் என்று அவர்கள் கேட்கச் சொல். அவருக்குப் பணம் தரவேண்டியிருந்தால் வாரிசுகளிடம் கொடு. அதே நூலில் முழுமையான மனமாற்றம் எது என்பதற்கும் விடை சொல்லுகிறார்: முன்பு தவறிய அதே சூழல் திரும்ப வந்து, செய்யவும் வலிமையிருந்து, செய்யாமல் விலகுவது. யூதா பென்யமீனுக்காக முன்னே வந்து நின்றது அதுதான்.

கவனியுங்கள், நடக்கவேண்டிய கால்கள் எல்லாம் தீங்கு செய்தவருடையவை. புண்பட்டவரே முந்திக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு தல்மூத்தில் ஒரு கடுமையான கதை உண்டு. பாபிலோனியாவில் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த பேராசான் ராவ். அவருக்கும் ஓர் இறைச்சி வியாபாரிக்கும் மனத்தாங்கல், பிழை வியாபாரியுடையது. யோம் கிப்பூருக்கு முந்தைய நாள் வரைக்கும் அவன் வரவில்லை. நானே போய் அவனைச் சமாதானப்படுத்துகிறேன் என்று ராவ் கிளம்பினார். வழியில் அவரைக் கண்ட சீடர், இவர் ஒருவனைக் கொல்லப் போகிறார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ராவ் போய் நின்றபோது அவன் ஒரு தலையை வெட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, போ, உன்னோடு எனக்குப் பேச்சில்லை என்றான். வெட்டிய எலும்பு தெறித்துத் தொண்டையில் பட்டு அவன் இறந்தான். ராவின் நோக்கம் நல்லதுதான். ஆனால் வருந்தாதவன் முன் மன்னிப்போடு போய் நிற்பது, அவன் குற்றத்தை அவன் முகத்துக்கு நேரே கொண்டுபோய் நிறுத்துவதாகவும் ஆகிவிடுகிறது. அதே பக்கத்திலேயே ரபி ஸேராவைப் பற்றியும் வருகிறது. தமக்குத் தீங்கு செய்தவர் இருக்கும் இடத்தில் அவர் சும்மா நடமாடுவாராம். தீங்கு செய்தவர் தாமாக வந்து கேட்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று. கசப்பு இல்லாதவரால்தான் அப்படி நடக்கமுடியும். ஆனால் கேட்கவேண்டியவரின் வேலையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

கேட்க யாருமே வராதபோது புண்பட்டவருக்கு என்ன வழி? ஒவ்வொரு இரவும் இருக்கிறது என்கிறது மரபு. தம்மை வருத்தியவர்கள் எல்லாரையும் மன்னிப்பதாகச் சொல்லிவிட்டே மர் ஸுத்ரா என்ற அறிஞர் படுக்கைக்குப் போவார் என்று தல்மூத் கூறுகிறது. அந்தப் பழக்கம் இன்றும் யூதர்களின் படுக்கைநேர வேண்டுதலில் நிலைத்திருக்கிறது: உடலிலோ உடைமையிலோ மானத்திலோ எனக்குத் தீங்கு செய்தவர் யாரும் என் பொருட்டுத் தண்டனை அடையவேண்டாம் என்பது அதன் சாரம். இது தனிமையில் சொல்வது. எதிராளிக்குத் தெரியக்கூடத் தேவையில்லை. அவருடைய கடமை இதனால் குறைவதும் இல்லை.

வில்னாவில் வாழ்ந்த ஆபிரகாம் டான்சிக், யோம் கிப்பூர் இரவு தொடங்குமுன் சொல்லவேண்டிய ஒரு நீண்ட வேண்டுதலைத் தம் நூலின் வழியே பரப்பினார். எனக்குத் தீங்கு செய்த அனைவரையும் மன்னிக்கிறேன் என்று சொல்லும் அந்த வேண்டுதலிலேயே இரண்டு விலக்குகள் உண்டு. சட்டப்படி நான் மீட்டுக்கொள்ளக்கூடிய பணத்தை இதில் சேர்க்கவில்லை. எப்படியும் மன்னித்துவிடுவான் என்ற தைரியத்தில் எனக்குத் தீங்கு செய்கிறவனையும் சேர்க்கவில்லை. ஆண்டின் மிக உருக்கமான மாலையில், கண்ணீரோடு சொல்லும் வேண்டுதலில் இவ்வளவு தெளிவு! மனத்திலிருந்து வன்மத்தை எடுத்துவிடலாம். வழக்கைத் திரும்பப் பெறவேண்டியதில்லை. மன்னிப்பை நம்பி அடிக்கிறவனுக்கு முன்பணமாக எதுவும் கிடைக்காது.

நாசரேத்து இயேசு இந்த மரபில் வளர்ந்த யூதர் என்பதைக் கிறித்தவ நண்பர்கள் நினைவில் கொள்ளவேண்டும். பலிபீடத்தின் முன் நிற்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை உண்டு என்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று அவர் மலைப்பொழிவில் சொன்னது, மிஷ்னா பேசும் அதே திசையில்தான் போகிறது. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் எழுபது தடவை ஏழு என்பதை எல்லாரும் அறிவோம். அதற்குச் சற்று முன்னே, தவறு செய்த சகோதரனிடம் தனியே போய் அவன் குற்றத்தைச் சொல், கேட்காவிட்டால் ஓரிருவரை அழைத்துக்கொண்டு போ என்று இருக்கிறது. லூக்காவில் அவன் மனம் வருந்தினால் மன்னி என்றே வருகிறது. மன்னிப்பைக் கிறித்தவம் இன்னும் அகலப்படுத்தியது உண்மை. அகலப்படுத்தியபோது இந்தப் படிகளை இயேசு அழித்துவிடவில்லை.

மன்னிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி 20ஆம் நூற்றாண்டில் யூதர்களுக்குத் தத்துவக் கேள்வியாக இருக்கவில்லை. நாஜிகள் பிடியில் இருந்த லெம்பெர்கில், இன்றைய லிவிவில், முகாம் கைதியாக இருந்த சைமன் வீசெந்தால் ஒரு நாள் மருத்துவமனையில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார். இறந்துகொண்டிருந்த ஓர் இளம் எஸ்.எஸ். படைவீரனிடம் தாதி அவரை அழைத்துச் சென்றாள். யூதக் குடும்பங்களை ஒரு வீட்டுக்குள் அடைத்துத் தீயிட்டதில் தனக்கும் பங்கு உண்டு என்று அவன் ஒப்புக்கொண்டு, ஒரு யூதரின் மன்னிப்பை வேண்டினான். வீசெந்தால் ஒன்றும் பேசாமல் வெளியேறினார். பின்னாளில் ‘சூரியகாந்தி’ என்ற நூலில் இதை எழுதி, நான் செய்தது சரியா என்று உலகத்தைக் கேட்டார். அதற்கு மறுமொழி தந்தவர்களில் யூதச் சிந்தனையாளர் ஆபிரகாம் யோசுவா ஹெஷல் ஒருவர். அவர் ஒரு கதையைச் சொன்னார். பிரிஸ்க் நகரத்துப் பெரிய ரபி ரயிலில் வந்துகொண்டிருந்தார். சீட்டாடக் கூப்பிட்டும் அவர் வராததால், வியாபாரி ஒருவன் அவரைப் பெட்டியிலிருந்து வெளியே தள்ளினான். ஊர் வந்து இறங்கியதும் அவர் யார் என்று தெரிந்து, ஓடி ஓடி மன்னிப்புக் கேட்டான். ரபி மறுத்தார். மகன் வந்து பரிந்து பேசியபோது அவர் சொன்ன காரணம்: அவன் அவமதித்தது பெயர் தெரியாத ஓர் ஏழைப் பயணியை, அந்த மனிதனிடம் போய்க் கேட்கட்டும். கொல்லப்பட்டவர்களின் சார்பில் மன்னிக்க உயிரோடு இருப்பவருக்கு உரிமை இல்லை என்பதே ஹெஷலின் நிலை. என் நிலையும் அதுவே.

ஆகவேதான் ஏவா மோசெஸ் கோரை நான் மரியாதையோடு நினைக்கிறேன். இரட்டைக் குழந்தைகள்மீது நாஜி மருத்துவர் மெங்கலே நடத்திய சோதனைகளுக்கு 10 வயதில் இரட்டைச் சகோதரி மிரியாமோடு ஆளானவர். பெற்றோரும் இரண்டு அக்காக்களும் அவுஷ்விட்சில் அழிந்தார்கள். முகாம் விடுவிக்கப்பட்டதன் 50ஆம் ஆண்டு நினைவுநாளில், 1995இல், அங்கேயே நின்று நாஜிகளை மன்னிப்பதாக அறிவித்தார். உயிர்தப்பிய பலர் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஏவா தம் பெயரில் மட்டுமே பேசினார். தமக்காகவே அதைச் செய்ததாகவும், அந்தச் சுமையிலிருந்து தாம் விடுபட்டதாகவும் சொன்னார். 2015இல் ஜெர்மனியின் லூனபர்கில், அவுஷ்விட்சில் பணியாற்றிய ஆஸ்கர் க்ரோனிங் மீதான வழக்கில் வாதிகளில் ஒருவராகச் சாட்சியமும் அளித்தார். அவனோடு கைகுலுக்கினார். நீதிமன்றம் 3,00,000 பேரின் கொலைக்கு உடந்தை என்று அவனுக்கு 4 ஆண்டு சிறை விதித்தது. நான் இன்று பிரித்துப் பேசும் முதல் செயலை அவர் இரண்டாவதன் பெயரால் அழைத்தார் என்று நினைக்கிறேன். செய்ததில் பிழையில்லை. வழக்கையும் விடவில்லை, கசப்பையும் சுமக்கவில்லை.

ஒரு மக்கள் கூட்டத்துக்கும் இது பொருந்துமா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். பஸ்கா இரவில் யூதர்கள் கசப்புக் கீரையைத் தின்கிறார்கள். எகிப்தின் அடிமைத்தனம் மறக்கப்படக்கூடாது. ஆனால் உபாகமம் 23ஆம் அதிகாரம் எகிப்தியனை அருவருக்காதே, அவன் நாட்டில் நீ அந்நியனாக இருந்தாய் என்று கட்டளையிடுகிறது. அதே உபாகமம், எகிப்தைவிட்டு வந்த வழியில் தாக்கிய அமலேக்கியரை நினைவிலிருந்தே அழி என்றும் சொல்லுகிறது. அந்தக் கடுமை யூத அறிஞர்களையே நூற்றாண்டுகளாக வருத்தியிருக்கிறது. நான் எகிப்தியனைப் பற்றிய கட்டளையைப் பற்றிக்கொள்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. குடும்பச் சண்டையில், சபைத் தகராறில், பணியிடத்து அநீதியில் நடுவில் போகிறவர்கள் முதலில் அடிபட்டவரிடம் போய் மன்னித்துவிடு என்று சொல்லாதீர்கள். அடித்தவர் வீட்டுக்கு முதலில் போங்கள். அவர் தனியே போகத் தயங்கினால் கூடப் போங்கள். அந்த மூன்று நண்பர்களில் ஒருவராக இருங்கள். யாருக்கேனும் தரவேண்டியது இருப்பவர்கள் பணத்தோடு போங்கள். அவர் காலமாகியிருந்தால் வாரிசுகளைத் தேடிக் கொடுங்கள். கேட்க யாரும் வராமலே காத்திருப்பவர்களுக்கு இன்றிரவு படுக்குமுன் சொல்வதற்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது. அதைச் சொன்னபிறகும் நீங்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம்.